பதினொரு பேரின் நோட்டு

“யாருப்பா ரெண்டு பக்கம் எழுதினது?”

“ஒரு பக்கத்துக்கே கை ஒடிஞ்சுபோச்சு மிஸ்!” என்றாள் வகுப்பின் வாலு. திரையில் பதினொரு முகங்களும் சிரித்தன.

வீட்டிலிருந்தே படிப்பு என்றானதும் ஆனர்ஸ் என்ற சிறப்பு வகுப்பின் மாணவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். குழு கலைந்துவிடுமோ என்று ஆசிரியை பயந்தாள். ஆளுக்கொரு பக்கம் எழுதி அடுத்தவருக்குத் தபாலில் அனுப்பச் சொல்லி, ஒரு நோட்டைச் சுற்றில் விட்டாள். நழுவியவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். நோட்டும் இன்று வந்தது, பன்னிரண்டு பக்கங்களோடு.

கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். “நம்ம வகுப்பு ஜன்னல் செடிக்குத் தினமும் தண்ணி ஊத்துறேன். இன்னிக்குப் பூத்திருக்கு.”

பூட்டிய வகுப்பறையின் ஒரே சாவி அவள் மேசையில் கிடந்தது. பக்கத்தின் இடுக்கில் ஒரு பூ, இன்னும் ஈரமாக.

அதன் கீழே ஒரு வரி: “அடுத்த சுத்துலயும் என்னை விட்டுடாதீங்க மிஸ்.”