சீமாட்டிக் கோழியின் கால்

நாள் தவறாமல் முட்டையிடும் சீமாட்டி, கூட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. வெயில் பட்டால் இறகு மங்கிவிடுமாம். கிளிஞ்சல் தூளைக் கண்டாலோ முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“தின்னுங்கக்கா,” என்றது சாம்பல் கோழி. “முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். நீங்க தின்னலேன்னா உடம்பு எலும்பிலிருந்து சுரண்டி எடுத்துக்கும். அப்புறம் கால் தாங்காது.”

“போடி! தெருவில் பொறுக்குற உனக்குத்தான் அதெல்லாம். என் முட்டையைப் பாரு, கல்லு மாதிரி. எனக்கா குறை?”

“முட்டை கல்லு மாதிரிதான் இருக்கும். கரையுறது எலும்புதானே?”

சீமாட்டி காதில் விழாதது போல இறகைக் கோதினாள்.

ஒருநாள் காலை, படுக்கும் கம்பிலிருந்து ஒய்யாரமாகக் குதித்தாள். ஒரு சாண் உயரம்தான். கால் மளுக்கென்று முறிந்தது.

சாம்பல் கோழி பதறி ஓடிவந்தது. வலியில் துடித்தபடியே சீமாட்டி சீறினாள்:

“எவடி அவ, தரையை இவ்வளவு கெட்டியாப் பூசினவ?”