நாக்குக்கு அடியில்

நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் கிடந்த நாச்சிமுத்துவின் நாக்குக்கு அடியில் வைக்க, டாக்டர் ஒரு சின்ன மாத்திரையை எடுத்தார். வைக்குமுன் நாச்சிமுத்துவின் மனைவி தெய்வாத்தாளைக் கேட்டார்.

"நேத்து, இன்னிக்கு இவர் ஆண்மை மாத்திரை ஏதாவது போட்டாராம்மா? இது ரத்தக்குழாயை விரிச்சு வலியைக் குறைக்கும். அதுவும் விரிக்கும். ரெண்டும் சேர்ந்தா பிரஷர் ஒரேயடியா இறங்கி உயிருக்கே ஆபத்து."

தெய்வாத்தாளுக்குக் கூச்சமாகிவிட்டது. "அதெல்லாம் இல்லீங்க டாக்டர். நாங்க தனித்தனியாப் படுத்தே பதினோரு வருசமாச்சுங்க."

மாத்திரை உதட்டருகே வந்ததும் நாச்சிமுத்து வாயை இறுக மூடிக்கொண்டார்.

"தொறங்க" என்று அவர் தாடையைப் பிடித்தாள். அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மாத்திரையைத் தட்டில் திரும்ப வைத்தார். தெய்வாத்தாளின் கை மட்டும் தாடையைப் பிடித்தபடியே இருந்தது.