இரண்டு நிமிடம் நாற்பது விநாடி

'வெளியேற எடுத்துக்கொண்ட நேரம்' என்ற கட்டத்தில் அவள் பேனா நின்றது.

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டுன்னு போடுங்க," என்றார் மேனேஜர் தண்டபாணி. "போன தடவ போட்டதுதானுங்க. நாளைக்குக் காலைல ஆர்டர் குடுக்கறவங்க ஆடிட்டுக்கு வர்றாங்க."

போன தடவையும் போட்டிருந்தாள். அதற்கு முந்தைய தடவையும்.

அந்தப் பனியன் கம்பெனியில் மூன்று வருடமாகத் தீ விபத்து ஒத்திகை நடந்தது அவள் எழுதிய நோட்டில் மட்டும்தான்.

பேனாவை மூடினாள். எழுந்துபோய், சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

மாடியில் மணி அலறியது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டீக்கு இன்னும் நேரமிருக்கே, அக்கா?" என்றாள் ஒருத்தி.

"ஃபயர் டிரில்! எந்திரிச்சுக் கீழ போங்க!"

மெஷின்களுக்கு நடுவே கத்திக்கொண்டே ஓடினாள். பாதிப் பேர் முன்படியில் இறங்கினார்கள். மீதிப் பேரைப் பின்படிக்கு அனுப்பியது அவள்தான். நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தாள். அவசர வழி, தடையில்லை.

படியின் அடியில் கதவு பூட்டியிருந்தது.

துணி திருட்டுப் போகிறதென்று பூட்டியது. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார்.

குறுகலான படியில் நூறு பெண்கள். கீழே நடப்பது தெரியாமல் மேலே நின்றவர்கள் தள்ளினார்கள்.

பேச்சியம்மாளுக்கு எட்டாம் மாதம். கதவோடு ஒட்டி, இரண்டு கைகளாலும் வயிற்றை மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் அசைந்தது. மணிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

மணியை அழுத்தியவளே மேல்படியிலிருந்து தொடங்கி, ஒவ்வொருத்தியாகத் தோளைப் பிடித்துத் திருப்பி, மேலேற்றி, முன்படி வழியாக இறக்கினாள்.

கடைசியாக வாசலுக்கு வந்தவள் பேச்சியம்மாள்.

பதினோரு நிமிடம்.

நெருப்பு இல்லை. புகை இல்லை. பட்டப்பகல். பதினோரு நிமிடம்.

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். மூன்று வருடம் எழுதிய கை. வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அந்தக் கையாலேயே எழுதினாள். 11 நிமிடம். பின்கதவு பூட்டியிருந்தது. சாவி இல்லை.

தண்டபாணி படித்தார். தாளைக் கிழித்தார்.

"ஆர்டர் போச்சுன்னா இத்தன பேரு சோத்துக்கு நீங்க பொறுப்பாவீங்களா?"

"பேச்சியம்மா அங்கயே செத்திருந்தா, ரெண்டு நிமிஷத்துல செத்துப்போச்சுன்னு எழுதச் சொல்லுவீங்களா?"

அவர் கிழித்த தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"மேல செக்கிங் டேபிளுக்குப் போயிருங்க. ஆபீஸ் வேல உங்களுக்கு இனி வேண்டாம்."

போனாள். துணிகளைப் புரட்டிப் பிசிறு வெட்டினாள். கத்தரிக்கோல் தேவைக்கு மேல் அழுத்தமாக விழுந்தது. இரண்டு பனியன்கள் வீணாயின.

மதியம் தண்டபாணியே நோட்டோடு மாடிக்கு வந்தார். புதுத் தாள். அவருடைய கையெழுத்து. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. கீழே, கலந்துகொண்டவர்கள் கையொப்பமிட இருநூற்றுப் பன்னிரண்டு வெற்றுக் கட்டங்கள்.

நேராக அவளிடம்தான் வந்தார்.

"மொதல்ல நீங்க போடுங்க. நீங்க போட்டா எல்லாரும் போட்டுருவாங்க."

அவள் அந்தத் தாளைத் தொடவில்லை. அடுத்த பனியனை எடுத்தாள்.

தண்டபாணி பக்கத்து வரிசைக்குப் போய், பேச்சியம்மாளின் மெஷின் மேல் நோட்டை விரித்தார்.

"நீ போடும்மா."

பேச்சியம்மாள் பேனாவை வாங்கினாள். வயிறு இடிக்காமல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். குனிந்து எழுதத் தொடங்கினாள்.

எழுதிக்கொண்டே இருந்தாள். அவள் பெயர் அவ்வளவு நீளமில்லை.

தண்டபாணி எட்டிப் பார்த்தார். அவர் நோட்டுக்குக் கை நீட்டுவதற்குள், அடுத்த மெஷின்காரி எழுந்து வந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.