ஆயுத அறையில் வேட்டி

காலையில் எழுந்து பல் துலக்கி, நீராகாரம் குடித்து, காக்கி உடுத்தி, காலில் பட்டி சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்று என் மனைவி ராக்கம்மாளுக்கு எலும்பு பொறுக்க வேண்டும். அதற்கு வேட்டி வேண்டும். எங்கள் வேட்டிகளெல்லாம் ஆயுத அறையில் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கின்றன. நூல் மில்லில் கூலி அதிகம் என்று போலீஸ்காரர்கள் வேலையை விட்டு ஒவ்வொருவராக ஓடிப்போய்க்கொண்டிருந்தார்கள். காக்கியோடு போனால் மில் வாசலில் சேர்க்கமாட்டார்கள் என்பதால் எங்கள் வெள்ளைக்காரத் துரை செய்த ஏற்பாடு இது. வீட்டில் வேட்டி வைத்திருந்தால் தண்டனை.

ஏட்டு மாசிலாமணி பூட்டைத் திறந்து என் வேட்டியை எடுத்துக் கொடுத்தார். காவலுக்கு அவரும் சுடுகாட்டுக்கு வந்தார்.

"காலேஜ் படிச்ச புள்ள நீ. ஓடிராதப்பா. அப்புறம் தொர என் வேட்டிய ஆயுசுக்கும் பூட்டிருவான்."

சாம்பலில் பால் தெளித்தேன். மில் சங்கு ஊதியது. வேண்டுமென்றேதானோ என்னவோ, ஏட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைத்தார். எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. சுடுகாட்டு வேலியிலிருந்து மில் வாசல்வரை ஒற்றையடிப் பாதை போகிறது.

கடைசி நாளன்றும் காக்கியில்தான் ராக்கம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலில் அவளுக்கு என் முகம் தெரியவில்லை, உடுப்பு மட்டும் தெரிந்தது. ஓடிப்போன புருஷனைத் தேடி வந்த போலீஸ்காரன் என்று நினைத்துக் கை கூப்பினாள்.

"அவரு மில்லுக்குப் போகலைங்கய்யா. இங்கனதான் இருக்காரு. இப்ப வந்துருவாரு."