சகலையின் முதல் வீச்சு

தூண்டில் கடையின் கண்ணாடி வழியே விழும் வெயிலில் என் சகலை கழிகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்க்கிறார். கட்டைவிரலால் நூலின் ஓட்டத்தை அடக்கி வீசும் பெய்ட்காஸ்டிங் ரீலில் வீசப் பழகப்போகிறாராம். மாமனாரின் படகில் இதுவரை நான் ஒருவன்தான் வீசுகிறவன். "புதுசா பழகறவங்களுக்கு நல்லா வளையுற கழிதான் தோது. விறைப்பா இருந்தா நூல் சிக்கிக்கும்," என்கிறார் கடைக்காரர். நான் முந்திக்கொண்டு, இருப்பதிலேயே விறைப்பானதை எடுத்து நீட்டுகிறேன். "இத எடுங்க சகலை, உங்க கைக்கு எடுப்பா இருக்கு." கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். சகலை அதில் ரீலை மாட்டி, நூல் முனையில் ஈயக்குண்டைக் கட்டி, சுழலும் நூலின்மேல் கட்டைவிரலைப் பூப்போல வைத்தபடி, வாசலிலுள்ள வாளியைப் பார்த்து வீசுகிறார். குண்டு டங்கென்று உள்ளே விழுகிறது. நூலில் ஒரு சிக்கல்கூட இல்லை. "ரெண்டு வருஷமா வீசுறவரு, நீங்க சொன்னா தப்பாகுமா?" என்று என் தோளில் தட்டுகிறார். அந்த இரண்டு வருடமும் சிக்கெடுத்தே தேய்ந்த நகங்களைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு சிரிக்கிறேன்.