கால் புண் பிரிவில் நாற்காலி இல்லை

“யாரைக் கேட்டு இதையெல்லாம் தூக்கறீங்க?”

வார்டு உதவியாளர் நின்றார். தோளில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள்.

“அது வந்து மேடம்...”

“வந்தும் வேணாம், போயும் வேணாம். போன மாசமும் நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்க. நான் பார்த்தேன்.”

கேட்டவளுக்கு அந்த அரசு மருத்துவமனையில் ‘டிசைன் பொண்ணு’ என்று பெயர். சேவை வடிவமைப்புப் பிரிவில் பயிற்சியாளர். நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து மருந்தோடு வீடு திரும்பும்வரை எங்கெங்கே அல்லாடுகிறார் என்று கூடவே நடந்து பார்த்து, அதைச் சரிசெய்ய வழி சொல்ல வேண்டும். அவளுடைய அண்ணனுக்கு இது இன்றுவரை புரியவில்லை. “ஆஸ்பத்திரில டிசைனா? கட்டுத் துணியில பூப்போடுவியா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பான்.

பூப்போடுகிற வேலையே தேவலை என்று இன்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அது சர்க்கரை நோயாளிகளுக்கான கால் புண் பிரிவு. வந்திருந்த அத்தனை பேருக்கும் காலில்தான் புண். அத்தனை பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

காலையிலிருந்து அவள் கூட நடந்துகொண்டிருந்த அம்மாவுக்கு வலது பாதத்தில் பெரிய கட்டு. காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊன்றினால் புண் ஆறாது. ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான்.

“எங்கயாச்சும் கொஞ்சம் உக்கார இடம் இருக்குமா கண்ணு?” என்று அந்த அம்மா கேட்டபோது கட்டின் மேல் ரத்தம் கசிந்திருந்தது.

நர்ஸ் அறையிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துவந்து அவரை உட்கார வைத்தாள். ஒரே ஒரு ஸ்டூல். மற்றவர்கள் எல்லாரும் அதையே பார்த்தார்கள். அப்போதுதான் நாற்காலிகளோடு இந்த உதவியாளர் படியேறுவது அவள் கண்ணில் பட்டது.

“இவங்க காலெல்லாம் என்ன இரும்பா? ராத்திரி வீட்டுக்குப் போனா உங்களுக்குத் தூக்கம் வருமா?”

“எனக்குச் சொன்னதை நான் செய்யறேன் மேடம். நான் சொல்றதைக் கொஞ்சம் கேட்டீங்கன்னா...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்ல வேண்டிய இடத்துல நான் சொல்லிக்கறேன்.”

யாரிடம் எதைக் கேட்டாலும் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். நோயாளிகளிடம் அதை ஒழுங்காகச் செய்வாள். உதவியாளர் நோயாளி இல்லையே.

நாற்காலிகளோடு அவரைப் போட்டோ எடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். தோளில் இருந்த சுமை விடவில்லை.

போன் அடித்தது. அவளுடைய மேலாளர்.

“எங்கே இருக்கே? இங்கே எல்லாம் தயார். போன தடவையைவிடக் கூட்டம் ஜாஸ்தி. முதல் தடவையா உன்னைப் பேச விடறேன், என் மானத்தை வாங்கிடாதே.”

மூன்றாவது மாடியில் நோயாளர் நலக் கமிட்டி கூடியிருந்தது. விளக்கைக் குறைத்துத் திரையை இறக்கியிருந்தார்கள். ஓடிவந்த மூச்சோடு நேராகத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வாரக்கணக்கில் உட்கார்ந்து தயாரித்த வண்ணப் படங்களை ஒதுக்கிவிட்டு அந்தப் போட்டோவைப் போட்டாள்.

“காலை ஊன்றக் கூடாதவங்க கீழே கால்கடுக்க நிக்கறாங்க சார். அவங்க நாற்காலியை இவர் தூக்கிட்டுப் போறார்.” திரையில் இருந்த நாற்காலிகளை விரலால் தட்டிக் காட்டினாள். “உக்கார ஒரு இடம் குடுக்க முடியலைன்னா நாம என்னத்தை வடிவமைக்கிறோம்?”

அறையே உச்சுக் கொட்டியது. “அக்கிரமம்” என்றார் ஒருவர். “வயிறு எரியுது” என்றார் இன்னொருவர். மேலாளர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யார் இந்த ஆள்? நிரந்தர வேலையா?”

“தற்காலிகம்தான் சார்” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“அப்ப யோசிக்கவே வேணாம். இன்னியோட நிறுத்திடுங்க. இரக்கம் இல்லாத ஆளுக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை?”

கை தட்டினார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த வேலைக்கு வந்து இன்றைக்குத்தான் உருப்படியாக ஒன்று செய்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

“அந்த ஆளைக் கூப்பிடுங்க. நானே கேட்கறேன்” என்றார் தலைவர்.

“எதுக்கு சார்? நேரமாகுது” என்றார் மேலாளர் அவசரமாக. “அடுத்த விஷயத்துக்குப் போயிடலாமே.”

“ஆகட்டும். நோயாளிங்களைவிட நமக்கு வேற என்ன விஷயம்?”

உதவியாளர் வந்தார். வேலை போய்விட்டது என்று வாசலிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். கை கட்டி நின்றார்.

“கீழே இருந்த நாற்காலியை எல்லாம் எங்கய்யா கொண்டுபோய் வச்சே?”

அவர் திரையில் தன் படத்தைப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார். மேலாளர் லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

“கேக்கறது காதுல விழலையா? அத்தனை நாற்காலியும் இந்த நிமிஷமே கீழே போயாகணும்.”

“போட்டுடறேங்கய்யா” என்றார் உதவியாளர். “நீங்க எல்லாரும் கொஞ்சம் எழுந்திரிச்சீங்கன்னா.”