ஒரு பாக்கெட்டுக்கு எண்பது நொடி

"எண்பது வச்சுக்கோக்கா. அறுபதும் வேணாம், தொண்ணூறும் வேணாம். எண்பது."

நூலைப் பல்லால் கடிக்கிற சாக்கில் குனிந்து சொன்னாள் இரண்டாம் மெஷின்காரி. வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். கணக்கில் மட்டும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

முதல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் பெயர் எக்ஸ்பிரஸ். சட்டைக்குப் பாக்கெட் வைத்துத் தைப்பதில் அந்தக் கூடத்தில் அவளுக்கு ஈடு கிடையாது. ஊர்க்கதை பேசிக்கொண்டே நிமிடத்துக்கு ஒன்று தைத்துத் தள்ளுவாள்.

அந்தக் கைதான் இன்றைக்கு வில்லங்கமாகிவிட்டது.

கம்பெனி புதிதாக அனுப்பிய நேர அதிகாரி, ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றார். பத்துப் பாக்கெட் தைக்க வேண்டும். ஆகிற நேரத்தைப் பத்தால் வகுப்பார். ஒரு பாக்கெட்டுக்கு இத்தனை நொடி என்று எழுதுவார். இனிமேல் பன்னிரண்டு மெஷினுக்கும் அதுதான் சட்டம்.

மணிக்கு நானூற்றெண்பது பாக்கெட் வேண்டும். அதில் மாற்றமில்லை.

தொண்ணூறு நொடி என்றால் ஒருத்தி மணிக்கு நாற்பது தைப்பாள். பன்னிரண்டு பேரும் இருக்கலாம். அறுபது நொடி என்றால் எட்டுப் பேர் போதும். நாலு பேர் வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான். எண்பது என்றால் மணிக்கு நாற்பத்தைந்து. பதினோரு பேரே தாராளம்.

கடைசியாகச் சேர்ந்தவள் முதலில் போக வேண்டும் என்பது அங்கே விதி. எண்பதுக்குப் போவது ஒரே ஒருத்தி, பன்னிரண்டாம் மெஷின்காரி.

நாலு மாதமாக எக்ஸ்பிரஸின் புருஷன் அந்தப் பன்னிரண்டாம் மெஷின்காரியின் வீட்டில்தான் இருக்கிறான். கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதிகாரி பொத்தானை அழுத்தினார்.

எதிரிலேயே சுவர்க் கடிகாரம். நொடிமுள் ஒரு சுற்று சுற்றி, அடுத்த சுற்றில் நாலாம் எண்ணைத் தொட்டதும் நூலை வெட்டினாள். எண்பது. அடுத்ததும் எண்பது.

கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அவன் போன புதிதில் சண்டை போட்டாள், தெருவையே கூட்டினாள், மண்ணை வாரித் தூற்றினாள். அதெல்லாம் இரண்டு மாதம்தான். அப்புறம் உள்ளே எல்லாம் மரத்துப்போயிற்று. பஸ் வந்தால் ஏறுகிறாள், பசித்தால் தின்கிறாள். போன வாரம் விரலில் ஊசி ஏறியதைக்கூட, துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

மூன்று. நாலு. ஐந்து.

ஐந்தாவதை வெட்டிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டாம் மெஷின்காரி தலை நிமிரவில்லை. ஒரே பாக்கெட்டைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். கணக்கு அவளுக்கும் தெரியும்தானே.

ஐயோ பாவம் என்று எக்ஸ்பிரஸுக்குத் தோன்றவில்லை. சனியன் தொலையட்டும் என்றும் தோன்றவில்லை. கணக்கு மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது. ஐந்துக்கு நானூறு நொடி ஆகிவிட்டது. பத்துக்குத் தொள்ளாயிரம் வர வேண்டுமானால் மிச்சம் ஐந்நூறு. இருப்பது ஐந்து பாக்கெட். ஒன்றுக்கு நூறு.

ஆறாவதை எடுத்தாள். விளிம்பை மடித்து நகத்தால் நீவினாள். மறுபடியும் நீவினாள். நூறு.

பக்கத்தில் ரேடியோவின் மெஷின் நின்றுவிட்டது.

"என்னம்மா, கை வலிக்குதா?" என்றார் அதிகாரி.

ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஏழு. எட்டு. ஒன்பது. எக்ஸ்பிரஸ் என்று பெயர் வாங்கியவள் கட்டை வண்டி ஓட்டுவதைக் கூடமே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. பத்தாவதின் கடைசி மூலையில் நிறுத்தி, தையல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பாவனை செய்து, முள் வரும்வரை காத்திருந்து வெட்டினாள்.

அதிகாரி வகுத்தார். எழுதினார். தொண்ணூறு, இப்போதைக்குப் பன்னிரண்டு பேரும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போனார்.

பன்னிரண்டாம் மெஷின்காரி மெஷின்மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

குழாயடியில் ரேடியோ பிடித்துக்கொண்டாள். "அவளுக்குப் போய்ப் பாவம் பாத்தியே, உனக்குச் சூடு சொரணை இருக்காக்கா?"

எக்ஸ்பிரஸ் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். ஒன்றுக்குப் பதில் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். அவனுக்கு வேலை போய் மூன்று வாரம் ஆகிறது. அந்த வீட்டில் இப்போது சம்பாதிப்பது ஒருத்தி, சாப்பிடுவது மூன்று பேர்.

ரேடியோவுக்குக் கோபம் அதிக நேரம் நிற்காது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "சரி, விடு. ஹாஸ்டல்ல பாப்பா எப்படி இருக்கா? வேளாவேளைக்கு ஒழுங்கா சோறு போடுறாங்களா?"

ஹாஸ்டலுமில்லை, ஒன்றுமில்லை. அது எக்ஸ்பிரஸ் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிற பொய். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது வயது மகள் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு, அப்பாவிடம்தான் இருப்பேன் என்று அந்த வீட்டுக்குப் போய்விட்டாள். புருஷன் போனபோது மரக்காதது அன்றைக்குத்தான் மரத்தது.

"போடுவாங்க" என்றாள் எக்ஸ்பிரஸ்.